கண்மாய்க் கரையில் நான்கு ஜாடிகள்

எங்கள் பள்ளியில் இப்போது அறிவியல் எடுக்கும் இளம் டீச்சர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். எல்லாப் பள்ளியிலும் சுற்றுச்சூழல் மன்றம் இருக்க வேண்டும், அதற்குப் பதிவேடு இருக்க வேண்டும், செடி நடுவதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்களாம்.

"நம்ம ஸ்கூல்ல மன்றத்தை நீங்கதான் ஆரம்பிச்சீங்கன்னு சொன்னாங்க மேடம். அப்ப எந்த ஆர்டர்ல ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஆர்டரா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. என்னால சும்மா இருக்க முடியல, அம்புட்டுதான்" என்றேன்.

சிரித்தார். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆரம்பத்துல ஏதாவது தப்புப் பண்ணினீங்களா மேடம்?" என்றார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பணி நிறைவு விழாவில் எட்டுப் பேர் மன்றத்தைப் பற்றிப் பேசினார்கள். எட்டுப் பேரும் வேப்பமரங்களைத்தான் சொன்னார்கள். "பண்ணினேன். உட்காருங்க" என்றேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை நகருக்குள். தாவரவியல் படித்தேன், பி.எட். முடித்தேன், இரண்டு வருடம் வடக்குமாசி வீதிப் பக்கம் ஒரு பள்ளியில் பிரசவ விடுப்பில் போனவர்களுக்குப் பதிலாக வேலை பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் நிரந்தர வேலை கிடைத்தது. திண்டுக்கல் ரோட்டில் பரவையைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே ஒரு உயர்நிலைப்பள்ளி. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஊர்க் கண்மாய். கிணறு, ஆறு, கண்மாய் எல்லாவற்றையும் படத்தில் வரைந்து பாடம் நடத்திய எனக்கு அப்போதுதான் ஒரு கண்மாயைத் தினமும் பார்க்கக் கிடைத்தது. கரை இருந்தது. வயலுக்குத் தண்ணீர் விடும் மடை இருந்தது. நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குத் தென்கோடியில் கல்லால் கட்டிய கலுங்கு இருந்தது. நாரை வந்தது, நீர்க்காகம் வந்தது. எருமைகளும் வந்தன. ஊரே அதில் குளித்தது.

மன்றம் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் கேட்டபோது தலைமை ஆசிரியர் ராமானுஜம் சாருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொன்னவர். பிள்ளைகளுக்கும் ஊருக்கும் அவர் 'பெரிய சார்'. சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்ள மாட்டார். கூர்சீவிய பென்சில் ஒன்றுதான் இருக்கும். "மையில எழுதினா தப்பை ஒத்துக்கிறதுக்கு மனசு வராது டீச்சர்" என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் எந்தப் புகாரோடு போனாலும் மூன்று கேள்விகள் கேட்பார். யார் பார்த்தது? எப்ப பார்த்தது? எங்க நின்னு பார்த்தது? மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் நாற்காலியைக் காட்டுவார். அதுவரை நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

நான் நீட்டிய தாளைப் படித்துவிட்டு, "சுற்றுச்சூழல்னு போட்டிருக்கீங்களே, அது என்ன? சூழல்னாலே சுத்தி இருக்கறதுதானே?" என்றார். அந்தச் சொல் அப்போது புதிது. பத்திரிகைகளில் எப்போதாவது தலைகாட்டும். கடைசியில் 'பள்ளிச் சூழல் மன்றம்' என்று பென்சிலால் எழுதி, கீழே ஒரு நிபந்தனையும் எழுதினார். 'முதல் ஒரு வருடம் பார்ப்பதும் எழுதுவதும் மட்டும். கோஷம், ஊர்வலம், சுவரெழுத்து கூடாது.'

எனக்கு அது பிடிக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. உலகத்தைத் திருத்த ஒரு வருடம் காத்திருப்பது அதிகம் என்று தோன்றும் வயது.

ஆனாலும் பார்த்தோம், எழுதினோம். பதினான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். மடைக்குப் பக்கத்தில் அடி, அங்குலம் குறித்த ஒரு மூங்கில் கம்பை நட்டோம். தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு பிள்ளை போய்த் தண்ணீர் மட்டம், நிறம், வாடை, வெயிலா மூட்டமா, என்ன பறவை, கரையில் என்ன நடந்தது என்று ஒரு நீளநோட்டில் எழுத வேண்டும். பள்ளியில் உடைந்து கிடந்த சிமென்ட் தொட்டியைப் பூசி, கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கெண்டைக் குஞ்சுகளை விட்டோம். வேப்பங்கன்று நட்டோம். அதில் முக்கால்வாசியை ஆடு தின்றது. மிச்சத்தைத்தான் விழா மேடையில் புகழ்ந்தார்கள்.

பிள்ளைகளில் ஒன்பதாம் வகுப்புப் பஞ்சவர்ணத்தின் எழுத்துதான் நோட்டில் அதிகம். அவள் வீடு கரையை ஒட்டியே இருந்தது. அப்பா பாண்டி, கலுங்குக்குக் கீழே இருந்த சாயப்பட்டறையில் நூலைச் சாயத்தில் முக்கிப் பிழியும் வேலை பார்த்தார். முழங்கை வரை அவர் கை எந்நாளும் ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். அந்தப் பெண் அதிகம் பேச மாட்டாள். எழுதுவதில் மட்டும் கறார். 'நாரை நிறைய' என்று வேறு யாராவது எழுதியிருந்தால் பக்கத்தில் 'எத்தனை?' என்று எழுதிவைப்பாள்.

இரண்டாம் வருடம் சுவர்ப் பத்திரிகைக்குப் பெரிய சார் அனுமதி கொடுத்தார். பள்ளி வாசலில் ரோட்டைப் பார்த்த சுவரில் ஒரு பலகை. எழுதியதை முதலில் அவரிடம் காட்ட வேண்டும், அவர் பென்சிலால் ஒரு டிக் போட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும். ஆறேழு இதழ் அப்படித்தான் வந்தன. அந்த வருடம் கார்த்திகையில் அவர் மகளுக்குப் பிரசவம் என்று பத்து நாள் விடுப்பில் திருச்சிக்குப் போனார்.

அந்தப் பத்து நாளில்தான் நான் அந்தப் படத்தை ஒட்டினேன்.

சாயப்பட்டறைக்காரர் பெயர் கோவிந்தசாமி. ஏழெட்டுப் பேருக்கு வேலை கொடுத்த சின்னப் பட்டறை. அதிலிருந்து சிவப்பும் நீலமுமாக ஒரு வாய்க்கால் ஓடுவதைப் பஸ்ஸிலிருந்து தினமும் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். பத்தாம் வகுப்பில் நன்றாகப் படம் வரையும் ஒரு பையனை உட்காரவைத்து, பட்டறையிலிருந்து ஒரு சிவப்பு வாய்க்கால் கண்மாய்க்குள் விழுவது போலவும், மீன்கள் மல்லாந்து மிதப்பது போலவும் வரையச் சொன்னேன். மேலே கொட்டை எழுத்தில் 'நம் கண்மாய்க்கு நஞ்சூட்டுவது யார்?' என்று நானே எழுதினேன்.

ஒட்டிய அன்று மதியம் பஞ்சவர்ணம் ஆய்வக வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், அந்தச் சாயத்தண்ணி கண்மாய்க்குள்ள வர்றதில்ல டீச்சர். பட்டறை கலுங்குக்குக் கீழ இருக்கு. தண்ணி ஓடைக்குத்தான் போகுது. மேட்டுக்கு எப்படி ஏறும்?"

அதற்கு நான் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. "உங்க அப்பா அங்க வேலை பார்க்கறதால சொல்றியா?"

அவள் கையிலிருந்த நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மன்றத்தை விட்டே போய்விடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை எட்டரைக்கு வழக்கம்போல் நோட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். நான் கலுங்குக்குக் கீழே இறங்கி ஒரு தடவை நடந்து பார்த்திருக்கலாம். பத்து நிமிட நடை. போகவில்லை.

பெரிய சார் திரும்பி வந்து பலகையைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "நீங்க நடந்து பார்த்தீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். "ரோட்டுலேர்ந்தே தெரியுது சார்" என்றேன். "அரைப் பரீட்சை முடியட்டும். சேர்ந்து போய்ப் பார்ப்போம். அதுவரைக்கும் இதை எடுத்திருங்க" என்றார். பரீட்சை அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் அரைவாசிதான் பெருகியது. மார்கழியில், அரைப் பரீட்சை விடுமுறையில், நாலைந்து நாள் வானம் மூடிக்கொண்டு நின்றதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பிள்ளைகள் எதிரே ஓடிவந்தார்கள்.

"டீச்சர்! கண்மாய் முழுக்க மீன் செத்து மிதக்குது டீச்சர்!"

பையைப் பள்ளியில் வைக்காமலே ஓடினேன். ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு கெண்டையும் கட்லாவும் ஒதுங்கியிருந்தன. பெண்கள் சிலர் கூடைகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கரைமேல் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். நடுவில் ஒச்சப்பன். அந்த வருடம் கண்மாய் மீனை ஏலம் எடுத்திருந்தவர். குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு, பங்குனியில் பிடிக்கலாம் என்று காத்திருந்தவர். முகம் கறுத்துக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும், "இந்தா, டீச்சரம்மாவே வந்துட்டாக!" என்று கத்தினார். "ஏப்பா, நான் சொன்னா நம்ப மாட்டீக. பள்ளிக்கூடத்து வாசல்லயே படம் போட்டு ஒட்டியிருக்காகள்ல? சாயத்தண்ணி விழுகுற மாதிரி, மீனு சாகுற மாதிரி. படிச்சவுக சும்மாவா எழுதுவாக? இன்னைக்கு அந்தப் பட்டறையில ஒரு ஓடு இருக்கக் கூடாது. வாங்கடா!"

நாற்பது ஐம்பது பேர் கலுங்குப் பக்கம் திரும்பினார்கள். சிலர் கையில் கம்பு, ஒருவர் கையில் கடப்பாரை. பட்டறை வாசலில் கோவிந்தசாமியும் பாண்டியும் இன்னும் இரண்டு ஆட்களும் நிற்பது கரையிலிருந்தே தெரிந்தது. பாண்டியின் கை அன்று மஞ்சளாக இருந்தது. பஞ்சவர்ணம் எனக்குப் பக்கத்தில் நின்று அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நான் எழுதிய ஒரு வரி கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன்.

அப்போது பெரிய சார் கரைமேல் சைக்கிளில் வந்தார். கூட்டத்துக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். அவசரமே இல்லை அவரிடம்.

"ஒச்சப்பா, சாயத்தண்ணி கண்மாய்க்குள்ள வந்ததை யார் பார்த்தது?"

"அய்யா, நீங்க தள்ளிக்கங்க."

"யாருப்பா பார்த்தது? எப்ப? எங்க நின்னு?"

"உங்க பள்ளிக்கூடத்துலதான் எழுதியிருக்கு!"

பெரிய சார் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டிய முறை இப்போது என்னுடையது, அவ்வளவுதான்.

"அதை எழுதினது நான்" என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "அதை எழுதினது நான். நான் நேர்ல பார்க்கல. கலுங்குக்குக் கீழ நான் இறங்கினதே இல்ல. பார்க்காம எழுதிட்டேன். இந்தப் புள்ள அப்பவே சொல்லுச்சு, நான் கேட்கல."

கூட்டத்தில் சலசலப்பு. "என்னம்மா இப்பிடிச் சொல்றீக?" என்று ஒரு கிழவர் தலையில் கை வைத்தார். ஒச்சப்பன், "அப்பச் செத்தது எப்பிடி? மீனெல்லாம் தூக்குல தொங்குச்சா?" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சூடு குறைந்தது.

பஞ்சவர்ணம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். பெரிய சாரைப் பார்த்துத்தான் சொன்னாள். "சார், விரால் ஒண்ணுகூடச் சாகல சார். தேளி மீனும் சாகல. தவளை, தண்ணிப்பூச்சி எல்லாம் உசுரோட இருக்கு. விசம்னா அதுவும்ல செத்திருக்கணும்? விரால் மேல வந்து காத்துக் குடிக்கும். கெண்டைக்கு அது முடியாது."

"எப்ப பார்த்தே?"

"காலையில ஆறரைக்கு, மடைப் படியில நின்னு சார்."

விலங்கியல் புத்தகத்தில் நான் படித்து, பரீட்சை எழுதி, மறந்துபோன விஷயம். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று தீர்ந்துபோனால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். பாசி மண்டிய தண்ணீரில், வெயில் இல்லாத நாட்களில், விடியும் நேரத்தில்தான் அது நடக்கும். அவள் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பெரிய சார் விடுமுறைப் பக்கங்களைப் புரட்டினார். விடுமுறை நாள் முழுக்க அந்தப் பெண் எழுதியிருந்தாள். யாரும் சொல்லாமலே.

"இவ எழுதினதைப் படிக்கிறேன். எல்லாரும் கேளுங்க" என்று சத்தமாக வாசித்தார். 'மூட்டம். தண்ணீர் பாசிப் பச்சை. மூட்டம். தண்ணீர் மட்டம் இரண்டு அங்குலம் குறைவு. மூட்டம். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பத்து மணிக்கு மேல் இல்லை.' அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது. 'ஒச்சப்பன் மாமா ஆட்கள் மூன்று வண்டி சாணக் குப்பை கண்மாயில் கொட்டினார்கள்.' குப்பை போட்டால் மீன் கொழுக்கும் என்பது மீன் வளர்ப்பவர்களின் கணக்கு. அளவு மீறினால் பாசி மண்டும், காற்றும் குறையும். பெரிய சாரின் பென்சில் அந்த வரியில் ஒரு நொடி நின்றது. வாசிக்காமல் அடுத்த வரிக்குப் போனார்.

"இதெல்லாம் எழுத்து. நோட்டுல என்ன வேணா எழுதலாம்" என்றார் ஒச்சப்பன். அவர் சொன்னது நியாயம்தான். கொஞ்சம் முன்புதான் நானும் அப்படி எழுதியவள் என்று ஒப்புக்கொண்டிருந்தேன்.

"சரி, கண்ணால பார்த்துக்குவோம்" என்றார் பெரிய சார். "ஒரு மணி நேரம் குடு. பட்டறை எங்கயும் ஓடிறாது. டீச்சர், என்ன செய்யலாம்?"

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டாரே, அதை நான் என்றும் மறக்க மாட்டேன். கூட்டத்துக்கு முன்னால் தப்பை ஒப்புக்கொண்டவளிடமே வேலையையும் கொடுத்தார்.

ஆய்வகத்திலிருந்து வாய் குறுகிய நான்கு பெரிய கண்ணாடி ஜாடிகளும் ஒரு மேசையும் வந்தன. கரைமேல் மேசையைப் போட்டோம். கண்மாய்த் தண்ணீரைச் சும்மா மொண்டால் மொள்ளும்போதே காற்றுக் கலந்துவிடும். அதனால் முதல் ஜாடியை மூடி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அடியில் வைத்துத்தான் மூடியைத் திறந்தேன். சேலை நனைந்ததை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை, நானும்தான். இரண்டாவது ஜாடிக்கும் அதே தண்ணீர்தான், ஆனால் இரண்டு வாளிகளுக்கிடையே ஐம்பது தடவை உயரத்திலிருந்து ஊற்றி ஆற்ற வேண்டும். எங்கள் வாத்தியார் ஒருவர் முயன்று பாதியைச் சிந்தினார். டீக்கடைக்காரர் மொக்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"தள்ளுங்க சார், இது நம்ம தொழிலு" என்று வாளிகளை வாங்கி ஒரு சொட்டுக் கீழே விழாமல் ஆற்றினார். பிள்ளைகள் எண்ணினார்கள். மூன்றாவது ஜாடியில், ஒப்பிட்டுப் பார்க்க, பள்ளிக் கிணற்றுத் தண்ணீர்.

"நாலாவதுல சாயத்தண்ணி ஊத்துங்க" என்றார் ஒச்சப்பன். "அதுல மீனு செத்தா என்ன சொல்றீக?"

"செத்தா செத்ததுன்னு சொல்லுவோம்" என்றார் பெரிய சார். கோவிந்தசாமியே ஒரு வாளியில் தன் வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பள்ளித் தொட்டியிலிருந்து கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஜாடிக்கு ஐந்தாக விட்டோம். பஞ்சவர்ணம் மணியைக் குறித்தாள். ஊரே மேசையைச் சுற்றி நின்றது. எனக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இரண்டாவது ஜாடியில் ஒரு குஞ்சு செத்தாலும் தண்ணீரில் விஷம் என்று ஆகிவிடும். விஷம் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது சாயம்தான். ஓடை, கலுங்கு, மேடு, பள்ளம் எதையும் அப்புறம் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

கால் மணி நேரத்தில் முதல் ஜாடியில் ஐந்தும் மேலே வந்து வாயைப் பிளந்தன. சாய ஜாடியில் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் அவ்வளவு சிவப்பு. அரை மணியில் முதல் ஜாடியில் இரண்டு மல்லாந்தன. சாய ஜாடியில் ஒன்று மேலே மிதந்து வந்தது, பிறகு இன்னொன்று. கோவிந்தசாமி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது ஜாடியில், மொக்கை ஆற்றிய அதே கண்மாய்த் தண்ணீரில், ஐந்து குஞ்சும் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரம் ஆனது. முதல் ஜாடியிலும் சாய ஜாடியிலும் எல்லாக் குஞ்சும் செத்திருந்தன. இரண்டாவதிலும் கிணற்றுத் தண்ணீரிலும் எல்லாம் உயிரோடு இருந்தன.

"பார்த்துக்கங்க" என்றார் பெரிய சார். "கண்மாய்த் தண்ணியில விசம் இல்ல, மூச்சுதான் இல்ல. காத்தை ஊத்தினதும் மீனு பிழைச்சுக்கிருச்சு. சாயத்தண்ணி நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது கொல்லும், கண்ணாலயே பார்த்தாச்சு. ஆனா இன்னைக்கு இந்த மீனைக் கொன்னது அது இல்ல."

கடப்பாரைக்காரர் கடப்பாரையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "அப்ப நான் தோட்டத்துக்குப் போறேன்" என்று கிளம்பினார். அவர் பின்னால் இரண்டு பேர், நாலு பேர் என்று கரை காலியானது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். பட்டறைப் பக்கம் பாண்டி மஞ்சள் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது.

ஆனால் பெரிய சார் அதோடு விடவில்லை. "ஜாடி சொன்னது போதாது, யாரும் மீனைத் தின்ன வேண்டாம், எதுக்கும் பரிசோதனை பண்ணிருவோம்" என்று என்னை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார். இரண்டு பஸ் மாறி, மடியில் மூன்று பாட்டில்களை வைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பேராசிரியர், "காத்து அளவை இங்க கொண்டாந்து பார்க்க முடியாதும்மா, வர்ற வழியிலேயே மாறிடும். பூச்சிமருந்து இருக்கான்னு பார்க்கிறேன், மூணு நாள் கழிச்சு வாங்க" என்றார்.

திரும்பி வந்தபோது பஞ்சவர்ணத்தின் அம்மா பேச்சியம்மாள் பள்ளி வாசலில் நின்றிருந்தார். "டீச்சர், தின்ன வேணாம்னு தண்டோரா போட்டாக. நாங்க விடியக்காலையே கொழம்பு வச்சுத் தின்னுட்டமே, என்ன செய்ய?" என்றார். அடுத்த மூன்று நாளும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பள்ளிக்குப் போகாமல் நேரே அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன். மூன்றாம் நாள் பேச்சியம்மாள் சிரித்துவிட்டார். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்கதான் இளைச்சுப்போனீக. அம்புட்டு ருசியான மீனு, ஊரே குழி வெட்டிப் புதைச்சுருச்சு."

அன்று மாலை முடிவு கிடைத்தது. பூச்சிமருந்து எதுவும் இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "யாருக்கும் முடியலையா தாயி?" என்று கேட்டார். "இல்லம்மா, எல்லாரும் நல்லா இருக்காக" என்றேன்.

மறுநாள் பெரிய சார் என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எந்த இடத்துல, எம்புட்டுப் பெரிய எழுத்துல அதைப் போட்டீங்களோ, அதே இடத்துல அதே எழுத்துல திருத்தம் போடணும்" என்றார். நான் தயங்கிக் கேட்டேன். "சார், அந்தக் குப்பை வரியை ஏன் சார் வாசிக்கல?"

"கடப்பாரையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிற கூட்டத்துல, ஒருத்தன் தலையிலேர்ந்து எடுத்த பழியை இன்னொருத்தன் தலையில வைக்கக் கூடாது டீச்சர். ஒச்சப்பன்கிட்டத் தனியாச் சொல்லிட்டேன். அவன் பட்ட நட்டமே அவனுக்குப் போதும்."

திருத்தத்தை எழுதச் சொல்லிப் பஞ்சவர்ணத்திடம் கேட்டேன். அதற்கு முன் ஆய்வகத்தில் மன்றத்தின் மற்ற பதின்மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, "நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும். உங்க அப்பாவைச் சொன்னதும் தப்பு" என்றேன். அவள் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு, "சரி டீச்சர்" என்றாள். பிறகு, "சாயத்தண்ணி ஓடைக்குப் போறதையும் எழுதட்டுமா டீச்சர்? அதுல மீனு செத்துச்சுல்ல?" என்றாள். எழுதினாள். அவள் அப்பா வேலை பார்க்கும் பட்டறையைப் பற்றி, பார்த்ததைப் பார்த்தபடி. கோவிந்தசாமி வந்து பலகை முன் நின்று இரண்டு தடவை படித்தார். ஒரு மாதத்தில் ஓடைக்கு முன்னால் மணலும் கரியும் போட்ட இரண்டு குழிகளை வெட்டினார். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடர் சிவப்பு, வெளிர் சிவப்பாக ஆனது. அந்தக் குழியைச் சுத்தம் செய்யாத மாதங்களில் பிள்ளைகள் போய் நின்றால் ஆளை விட்டு அள்ளச் சொல்லுவார்.

எனக்கு மட்டும் ஒரு பயம் பாக்கி இருந்தது. ஒச்சப்பன். என் எழுத்தை நம்பித்தான் அவர் ஊரைத் திரட்டினார். அதே ஊருக்கு முன்னால் நான் அவரை வெறுங்கையாக நிற்க வைத்துவிட்டேன். அந்த வருட மீன் முழுக்கப் போயிற்று. பல மாதம் நான் அவர் வீட்டுத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் பெருகிக் கலுங்கு வழிந்தது. ஒரு மாலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு நேர் எதிரே சைக்கிளை நிறுத்திவிட்டு ஒச்சப்பன் ரோட்டைக் கடந்து வந்தார். ஒதுங்க இடமில்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, கண்மாய்ப் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"இந்த வருசமும் ஏலம் நாந்தேன் எடுத்திருக்கேன் டீச்சர்."

"நல்லதுண்ணே."

"குஞ்சு விடணும். அதுக்கு முன்னால..." துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "குப்பை எம்புட்டுப் போடலாம்னு உங்க பிள்ளைககிட்டக் கேட்டுச் சொல்லுவீகளா?"

அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. அன்றைக்கு அதுதான் கடைசி பஸ். கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் அடித்தார்.

"வாங்கண்ணே, பிள்ளைக இன்னும் ஸ்கூல்லதான் இருக்காக" என்று சொல்லிவிட்டு, நான் ஒச்சப்பனோடு பள்ளிக்குத் திரும்பி நடந்தேன்.